கரிமம் கூடினால் புல்வெளி நலமா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் யங் என்ற ஊருக்கு அருகே மான்டீகிள் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தாவரவியலாளர்கள் அதைத் தேடிப் போவது கல்லறைகளுக்காக அல்ல, அவற்றுக்கு இடையே வளரும் புல்லுக்காக. சுற்றுவட்டாரம் முழுவதும் தலைமுறை தலைமுறையாக உழவையும் ஆட்டு மேய்ச்சலையும் உரத்தையும் கண்ட நிலம். வேலி போட்டு விட்டுவைத்த இந்தத் துண்டு நிலத்தில் கலப்பை படவில்லை, சூப்பர் பாஸ்பேட் விழவில்லை. அதனால் கங்காரு புல்லும் சிறு லில்லிகளும் டெய்சிகளும் இன்னமும் அங்கே பூக்கின்றன. ஆட்டு மந்தைகளை ஊர்விட்டு ஊர் ஓட்டிப்போக அந்தக் காலத்தில் ஒதுக்கிய பொதுப் பாதைகளிலும் இப்படிச் சில மிச்சங்கள் உண்டு. ஒரு பெரும் நிலப்பரப்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்நாட்டில் இடுகாட்டுக்கும் மந்தைப்பாதைக்கும் போக வேண்டியிருக்கிறது.

அந்த நிலப்பரப்பைப் புல்வெளிக் காடு என்று சொல்லலாம். வெண் பாக்ஸ், மஞ்சள் பாக்ஸ், பிளேக்லி செங்கோந்து மரம் ஆகிய யூகலிப்டஸ் இனங்கள் ஒன்றையொன்று நெருக்காமல் நிற்கும். இடையே வெயில் தாராளமாக இறங்கும். தரையில் புல்லும் நூற்றுக்கணக்கான சிறு பூச்செடி வகைகளும் இருக்கும். தெற்கு குயின்ஸ்லாந்தில் தொடங்கி நியூ சவுத் வேல்ஸின் மேட்டு நிலங்கள், மேற்குச் சரிவுகள் வழியாக விக்டோரியா வரை இது பரந்திருந்தது. நல்ல மண், நல்ல மழை என்பதாலேயே கோதுமைக்கும் கம்பளிக்கும் முதல் பலியானது. 2006இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் இது 'மிக அபாய நிலையில் உள்ள உயிர்ச் சமூகம்' எனப் பட்டியலிடப்பட்டது. பழைய பரப்பில் நல்ல நிலையில் எஞ்சியிருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு.

எஞ்சியதைக் காக்கப் பணமும் சட்டமும் வந்தன. 2007-08 முதல் இத்தகைய காட்டைத் தம் பண்ணைக்குள் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு, அதைப் பாதுகாக்கப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலிய அரசு பணம் தந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2017இல் தனியார் நிலங்களில் இயற்கையைக் காக்க ஓர் அறக்கட்டளையை நிறுவியது. 2023இல் இயற்கையைச் சீரமைப்பவர்கள் சான்றிதழ் பெற்று விற்கலாம் என்ற சந்தைச் சட்டமும் நிறைவேறியது. பணம் என்று வந்தால் கணக்கும் கூடவே வரும். பாதுகாத்த நிலம் தேறி வருகிறதா, நோயாளியாகவே கிடக்கிறதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? மரத்தை எண்ணலாம், பறவையை எண்ணலாம். தரைக்குக் கீழே இருப்பதை என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் மண்ணில் உள்ள அங்ககக் கரிமம் மேடைக்கு வருகிறது. ஒரே எண். ஆய்வகத்தில் அளக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். உழவர்கள், அதிகாரிகள், காலநிலைக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் புரியும். கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று அறிக்கையில் பச்சை, சிவப்பு வண்ணம் அடித்துவிடலாம். இந்த எளிமைதான் எனக்கு உறுத்துகிறது. பாதுகாக்கப்பட்ட புல்வெளிக் காட்டில் கரிமத்தை அளக்கத்தான் வேண்டும். ஆனால் 'கூடினால் நலம்' என்ற பாடத்தை அங்கே கொண்டுபோனால், காப்பாற்ற நினைத்ததை நாமே கெடுத்துவிடுவோம்.

மண்ணுக்குள் எத்தனை கரிமம்

உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் சுமார் 1,500 பில்லியன் டன் அங்ககக் கரிமம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். காற்று மண்டலத்தில் இருப்பதையும் எல்லாத் தாவரங்களின் உடலில் இருப்பதையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. அதனால்தான் 2015 பாரிஸ் மாநாட்டில், மண் கரிமத்தை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நான்கு பங்கு கூட்டுவோம் என்ற முழக்கத்தைப் பிரான்ஸ் முன்வைத்தது. கூட்டுவது என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது.

மண்ணில் உள்ள கரிமம் எல்லாம் ஒரே சரக்கு அல்ல. நேற்று செத்த வேர், பாதி மக்கிய புல் தாள் போன்ற துணுக்குகள் ஒரு வகை. இவை சில ஆண்டுகளிலோ சில பத்தாண்டுகளிலோ கரைந்து போகும், பூஞ்சைக்கும் நுண்ணுயிருக்கும் இதுதான் சாப்பாடு. நுண்ணுயிர்கள் தின்று செரித்து, செத்து, களிமண் துகள்களோடு ஒட்டிப்போன கரிமம் இன்னொரு வகை. இது பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள் கூட நிற்கும். மூன்றாவது வகை கரி. காட்டுத்தீயில் அரைகுறையாக எரிந்த மரத்தின் எச்சம். வைரட்ஜுரி, நுன்னவல் போன்ற தொல்குடியினர் மெல்லிய தீ வைத்து இந்த வெளிகளைப் பேணி வந்தார்கள். அத்தனை காலத் தீயின் கணக்கும் மண்ணுக்குள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஸ்கெம்ஸ்டட், ஜெஃப் பால்டாக் போன்றவர்கள் இவற்றைப் பிரித்து அளக்கும் முறைகளை உருவாக்கினார்கள். அந்நாட்டு மண் சிலவற்றில் மொத்தக் கரிமத்தின் கணிசமான பங்கு இப்படிப்பட்ட கரிதான் என்று அப்போது தெரிந்தது.

நில நலத்துக்கு இதில் என்ன சேதி? இரண்டு துண்டு நிலங்களிலும் 2 சதவீதம் கரிமம் என்று முடிவு வரலாம். ஒன்றில் பெரும்பகுதி நேற்றைய வேர். மற்றொன்றில் முன்னோர் வைத்த தீயின் கரி, உயிரோட்டம் வற்றிவிட்டது. எண் இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

உடல் எடையும் இப்படித்தான். சவலைப் பிள்ளையின் எடை கூடினால் தாய்க்கு நிம்மதி. அதே எடை ஏற்றம் காலில் நீர் கோத்த பெரியவருக்கு வந்தால் மருத்துவர் முகம் சுளிப்பார். உழுது உழுது கரிமம் 0.4 சதவீதத்துக்கு இறங்கிப்போன நம் வயல் சவலைப் பிள்ளை. அங்கே கூட்டுவதே வைத்தியம். தன் இயல்பான அளவில் நிற்கும் புல்வெளிக் காட்டில் கரிமம் திடீரென்று ஏறினால், 'ஏன்' என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

சர்க்கரை போட்ட நிலம்

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. நியூ சவுத் வேல்ஸில் க்ரூக்வெல் பகுதி மேய்ச்சல் நிலங்களை ஆராய்ந்து வில்லியம்ஸ், டொனால்ட் என்ற இருவர் 1957இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சூப்பர் பாஸ்பேட்டைத் தூவி, நிலத்தடிக் குளோவர் என்ற பயறு வகைத் தீவனத்தை விதைத்த இடங்களில் மண்ணின் அங்ககப் பொருள் ஏறியிருந்தது. கூடவே மண் புளித்தும் போயிருந்தது, அமிலத்தன்மை கூடிவிட்டது. மணிச்சத்தை மனிதர்கள் போட்டார்கள், தழைச்சத்தைக் குளோவர் காற்றிலிருந்து பிடித்தது, புல் கொழுத்தது, கரிமம் சேர்ந்தது. ஆட்டுக்கும் கம்பளிக்கும் அது பொற்காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானத்திலிருந்தே உரம் தூவினார்கள்.

அந்தப் பொற்காலத்தில் அழிந்தவைதான் மான்டீகிள் கல்லறைத் தோட்டத்தில் மிச்சமிருக்கும் லில்லிகள். ஆஸ்திரேலிய மண் மிகப் பழையது. மணிச்சத்து அதில் இயல்பாகவே குறைவு. அந்தப் பற்றாக்குறைக்குப் பழகி வளர்ந்த செடிகள் அவை. மணிச்சத்தும் தழைச்சத்தும் பெருகினால் ஐரோப்பாவிலிருந்து வந்த ஓராண்டுக் களைகள் கொழுத்து மேலே கவிந்துகொள்ளும். கரிமத்தை மட்டும் அளக்கிற அதிகாரி க்ரூக்வெல் மேய்ச்சல் நிலத்துக்கு முதல் மதிப்பெண் கொடுத்திருப்பார், கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டாவது.

இந்தச் சிக்கலை அவிழ்த்த ஆய்வு சுசான் ப்ரோபரும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. கங்காரு புல் பல்லாண்டு வாழும் தாவரம், கோடையில் வளர்வது. மண்ணில் எப்போது நைட்ரேட் உருவானாலும் அதன் வேர் உடனே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காட்டு ஓட்ஸ் முதலான அந்நியக் களைகளின் வாழ்க்கை வேறு மாதிரி. இலையுதிர் காலத்தில் முளைத்து, வசந்தம் முடிவதற்குள் விதை போட்டுச் செத்துவிடும். அவை செத்த பிறகு கோடை முழுக்க மண்ணில் வாழும் வேர் இல்லை. மக்கும் தாளிலிருந்து நைட்ரேட் வெளிவந்து சேர்ந்துகொண்டே போகும். அடுத்த இலையுதிர் காலத்தில் முளைக்கும் களைக்கு அது விருந்து. களை நைட்ரேட்டை வளர்க்கிறது, நைட்ரேட் களையை வளர்க்கிறது. இந்தச் சுழலுக்குள் போன நிலம் வேலி போட்டுவிட்டால் மட்டும் தானாகத் திரும்பி வராது.

சுழலை உடைக்க ப்ரோபர் குழு செய்தது நமக்கு விசித்திரமாகத் தோன்றும். நிலத்தில் சர்க்கரையைத் தூவினார்கள், நாம் காபியில் போடும் அதே வெள்ளைச் சர்க்கரை. சர்க்கரை என்பது கரிமம், அதில் தழைச்சத்து அறவே இல்லை. நுண்ணுயிர்கள் அதைத் தின்று பல்கும்போது உடம்பு வளர்க்கத் தழைச்சத்து தேவைப்படும், அதை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். நைட்ரேட் சரிந்தது. களைகள் சோர்ந்தன. அந்த இடைவெளியில் கங்காரு புல் விதையைப் போட்டு வளர்த்தார்கள். 2005இல் வெளியான முடிவுகளைவிட 2009இல் வந்த தொடர்ச்சிதான் முக்கியமானது. சர்க்கரையை நிறுத்திய பிறகும், கங்காரு புல் பிடித்துக்கொண்ட இடங்களில் நைட்ரேட் தாழ்ந்தே இருந்தது. வேலையைப் புல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

இந்தச் சோதனை முழுவதிலும் நிலம் தேறியதைக் காட்டிக்கொடுத்தது நைட்ரேட். மொத்தக் கரிமத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நோயும் தெரிந்திருக்காது, குணமும் தெரிந்திருக்காது. ஆனால் நைட்ரேட்டைக் கட்டிப்போட்டது கரிமம்தான். அது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எப்படி ஓடுகிறது, எதோடு சேர்ந்து ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

இன்னொரு முரண்பாடு இதைவிடக் கூர்மையானது. விக்டோரியா மாநிலத்தில் பால் கிப்சன்-ராய் முதலியோர் பழைய வயல்களில் பூர்வீகப் புல்வெளியை மீட்டார்கள். முதல் வேலையாக மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துக் கொட்டிவிட்டார்கள். பல பத்தாண்டு உரமும் களை விதையும் அந்த மேல்மண்ணில்தான் குவிந்திருக்கின்றன. அதை எடுத்துவிட்டு, கீழே உள்ள ஏழை மண்ணில் பல இன விதைகளைக் கலந்து விதைத்தார்கள். பூக்கள் நிறைந்த புல்வெளி எழுந்தது. மேல்மண் போனால் கரிமத்தின் பெரும்பகுதியும் போகும். கரிமத்தை மட்டுமே நலக் குறியீடாக வைத்திருந்தால் அந்நாட்டின் மிக வெற்றிகரமான புல்வெளி மீட்புகளில் ஒன்றை 'மண் சீரழிவு' என்று பதிவு செய்திருப்போம்.

அளப்பதில் உள்ள தொல்லை

சரி, அளப்பதாவது எளிதா? ஒரு ஹெக்டேரில் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் 1.3 கிராம் எடை என்றால் மொத்தம் 3,900 டன். அதில் 1 சதவீதம் என்பது 39 டன் கரிமம். 2.0 சதவீதம் 2.1 ஆனால் கிட்டத்தட்ட 4 டன் கூடியதாகக் கணக்கு. இந்த 0.1 மாற்றத்தை நம்பகமாகப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. புல்வெளிக் காட்டில் மரத்தடி மண்ணும் திறந்தவெளி மண்ணும் வேறு வேறு. பட்டையும் இலையும் கிளையும் விழுந்து, ஆடும் பறவையும் நிழலுக்கு ஒதுங்கி, மரத்தடியில் கரிமமும் சத்தும் கூடிக்கிடக்கும். பத்தடி தள்ளித் தோண்டினால் எண் மாறிவிடும். சென்ற ஆண்டு மரத்தடியிலும் இந்த ஆண்டு வெளியிலும் மாதிரி எடுத்தால் 'கரிமம் சரிந்தது' என்று அறிக்கை வரும். மண் இறுகியிருந்தால் அதே 30 சென்டிமீட்டரில் அதிக மண் அடங்கும், கரிமம் கூடியதுபோலத் தெரியும். அதனால் ஆழத்தை மட்டும் பார்க்காமல் மண்ணின் எடைக்கு எடை ஒப்பிட வேண்டும்.

வானம் வேறு தன் பங்குக்குக் கை வைக்கும். 1990களின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை தென்கிழக்கு ஆஸ்திரேலியா நீண்ட வறட்சியில் கிடந்தது. பிறகு வெள்ளம். வறண்ட ஆண்டில் வேர் குறையும், ஈர ஆண்டில் பெருகும். கிழக்கு ஆஸ்திரேலியாவின் மண் கரிம அளவு இடத்துக்கு இடம் மாறுவதற்குப் பெரும்பாலான காரணம் மழை, வெப்பம், மண் வகை ஆகியவையே, நிலத்தை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதன் பங்கு மிகச் சிறியது என்று 2015இல் வந்த ஒரு விரிவான ஆய்வு காட்டியது. நல்ல மழை பெய்த மூன்று ஆண்டுகளில் கரிமம் ஏறினால் அதற்குப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் மாலை வாங்கிக்கொள்வது நியாயமில்லை. வறட்சியில் இறங்கினால் அவரைத் தண்டிப்பதும் நியாயமில்லை. அந்நாட்டின் கரிம வரவுச் சந்தையில், சேர்த்த கரிமம் 25 அல்லது 100 ஆண்டு நிலைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது.

அப்படியானால் கரிமத்தை அளக்கவே வேண்டாமா? வேண்டும். அதன் இடம் எதுவென்று தெரிந்துகொண்டு அளக்க வேண்டும். ஒரு நிலத்தின் எண்ணை ஏதோ ஓர் உலகச் சராசரியோடு ஒப்பிடக் கூடாது. அதே பாறை, அதே மழை, அதே சரிவில் கெடாமல் நிற்கும் ஒரு துண்டோடுதான் ஒப்பிட வேண்டும். கல்லறைத் தோட்டங்களுக்கு அறிவியலில் இருக்கும் மதிப்பு அதுதான். அந்த உரைகல்லை விட்டுக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும், மேலே ஏறினாலும் கவலைப்பட வேண்டும். கரிமத்தோடு தழைச்சத்து எந்த விகிதத்தில் இருக்கிறது, செடிக்குக் கிடைக்கும் மணிச்சத்து எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து வாசிக்க வேண்டும். கரிமம் ஏறி, மணிச்சத்தும் நைட்ரேட்டும் ஏறினால் அது உரத்தின் கைவரிசை. கரிமம் நிலையாக நின்று நைட்ரேட் தாழ்ந்து பல்லாண்டுப் புல் அடர்ந்தால் நிலம் தேறுகிறது.

ஆய்வகம் இல்லாமலே பார்க்கக்கூடியவையும் உண்டு. சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் டேவிட் டாங்வே தரையைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் முறை ஒன்றை வகுத்தார். மேற்பரப்பில் பொருக்கு தட்டியிருக்கிறதா, தாளும் சருகும் எங்கே தேங்குகின்றன, மண் கட்டியைத் தண்ணீரில் போட்டால் உருக்குலைந்து கரைகிறதா அல்லது முழுசாக நிற்கிறதா என்பன போன்ற கேள்விகள். தேயிலைப் பையை மண்ணில் புதைத்து மூன்று மாதம் கழித்து எடை பார்த்து, மக்கும் வேகத்தை அறியும் முறையும் 2013 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கிரீன் டீ ஒன்று, ரூய்போஸ் ஒன்று. ஒன்று சீக்கிரம் மக்கும், மற்றது தாமதிக்கும். பள்ளி மாணவர்களே செய்யலாம். நீலகிரியில் தேயிலைக்கா பஞ்சம்!

கான்பெரா நகரத்தின் ஓரத்தில் உள்ள மல்லிகன்ஸ் ஃபிளாட் காப்பகம் இன்னொரு விதமான பாடம். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் அங்கே நீண்டகாலச் சோதனை நடத்துகிறது. விறகுக்கும் 'சுத்தம்' பார்ப்பதற்கும் அள்ளிப்போன விழுமரங்களுக்கு ஈடாக 2,000 டன் மரத்துண்டுகளைக் கொண்டுவந்து தரையில் போட்டார்கள். நரியும் பூனையும் நுழையாத 11.5 கிலோமீட்டர் வேலி 2009இல் முடிந்தது. பெருநிலத்தில் அழிந்துபோயிருந்த பெட்டாங் என்ற சிறு கங்காரு இனத்தை 2012இல் டாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பூமிக்கடியில் விளையும் பூஞ்சைக் கிழங்குகளுக்காக அது இரவெல்லாம் தரையைக் கிளறும். குழியில் சருகும் விதையும் ஈரமும் தேங்கும். ஒரு காலத்தில் தொல்குடிப் பெண்கள் கிழங்கு தோண்டும் கோல்களால் இதே வேலையைச் செய்தார்கள், ஆடுகள் வந்து அந்தக் கிழங்குச் செடிகளை மேய்ந்து தீர்க்கும் வரை. கிளறப்படாத மண் நலமான மண் என்பது உழவு நிலத்துக்குச் சரி. இங்கே கிளறுவதற்கு ஆள் இல்லாமல் போனதே நோயின் ஒரு பகுதி.

சீகையும் கங்காரு புல்லும்

தமிழ் வாசகருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கங்காரு புல் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. அதே இனம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வளர்கிறது, நீலகிரிப் புல்வெளிகளிலும் வளர்கிறது. அந்தப் புல்லின் மேல் நாம் கொண்டுவந்து நட்டது ஆஸ்திரேலியாவின் அதே தென்கிழக்கு மூலையிலிருந்து வந்த மரங்களை: சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்). முதலில் விறகுக்கு, பிறகு தோல் பதனிட, பிறகு கூழ் ஆலைக்கு. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. தோட்ட மரங்களும் விவசாயமும்தான் காரணம்.

இப்போது அதே இடங்களில் கரிமத்தின் பெயரால் மரம் நடச் சொல்லும் குரல் கேட்கிறது. மரம் நட்டால் மண் கரிமம் கூடும் என்பதே பொதுப்புத்தி. கான்பெராவில் இருந்த குவோ, கிஃபோர்ட் என்ற இருவர் உலகெங்கும் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி. புல்வெளியைத் தோட்டக் காடாக்கினால் மண் கரிமம் சராசரியாக 10 சதவீதம் குறைகிறது. புல்வெளியை உழவு நிலமாக்கினால் 59 சதவீதம் குறைகிறது. இயற்கைக் காட்டை மேய்ச்சல் நிலமாக்கினாலோ 8 சதவீதம் கூடுகிறது! இந்தக் கடைசி எண்ணைப் படித்துவிட்டுக் காட்டை வெட்டலாம் என்று யாராவது முடிவெடுப்போமா? கரிமம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மண் கரிமத்துக்கு வேறொரு பயனும் உண்டு, நீலகிரி அதற்கு உலகப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு. புல்லும் மரமும் கரிமத்தைப் பிடிக்கும் வழி வேறு. வெப்ப நாட்டுப் புற்களின் கரிமத்தில் கார்பன்-13 ஐசோடோப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும், மரங்களில் குறைவாக இருக்கும். ரா. சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பின் முற்றா நிலக்கரிப் படிவைத் துளைத்து எடுத்து, 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை வைத்துத்தான் பேசியது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பனியூழிக் காலத்திலேயே, அங்கே புல் இருந்திருக்கிறது. மழையும் குளிரும் மாறமாறப் புல்லும் சோலையும் முன்னும் பின்னும் நகர்ந்திருக்கின்றன. காட்டை வெட்டியதால் உண்டான வெறும் தரிசு இது என்ற வாதத்தை மண்ணுக்குள் கிடந்த கரிமமே எழுந்து மறுத்தது. அரசு ஆவணங்களில் இத்தகைய நிலங்களை இன்னமும் 'தரம் குன்றிய காடு' என்றோ 'தரிசு' என்றோ எழுதுகிறவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

உயரத்தில் மட்டுமல்ல. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இடுப்பளவு புல் நிற்கும் இலையுதிர்க் காடுகளைப் புல்வெளிக் காடுகள் என்றே பார்க்க வேண்டும் என்று ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலான இந்தியச் சூழலியலாளர்கள் 2011 முதலே எழுதி வருகிறார்கள். அங்கே உன்னிச்செடி கவிந்து புல்லை மறைக்கும்போது தரைக்கு மேலே பச்சை கூடுகிறது, செயற்கைக்கோள் படத்தில் 'வனப்பரப்பு' கூட மேம்பட்டதாகத் தெரியலாம். யானைக்கும் காட்டெருமைக்கும் தின்னப் புல் இல்லை. கரிமக் கணக்குப்பிள்ளையை மட்டும் நம்பினால் உன்னிச்செடிக்கும் பாராட்டுப் பத்திரம் கிடைக்கும்.

நம் மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் 'குறைவு', 0.75க்கு மேல் என்றால் 'அதிகம்'. 2015இல் தொடங்கிய அந்தத் திட்டம் வயலுக்கானது. வயலுக்கு அது பொருந்தும். மலைப் புல்வெளிக்கும் வறண்ட புல்வெளிக் காட்டுக்கும் அந்த அளவுகோலை நீட்டினால் இரண்டும் தவறாகவே தெரியும்: குளிரில் மக்காமல் கரிமம் சேர்ந்த உச்சி எப்போதும் 'அதிகம்', மெல்லிய மண்ணுள்ள அடிவாரம் பல இடங்களில் 'குறைவு'.

சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தொடங்கிவிட்டது. நீதிமன்ற ஆணைகள் இருக்கின்றன, அந்நியத் தாவரங்களுக்கான மாநிலக் கொள்கை இருக்கிறது, பணமும் ஒதுக்குகிறார்கள். சீகை வெறும் மரமல்ல. வேரில் தழைச்சத்தைப் பிடிக்கும் இனம். அதை வெட்டி அப்புறப்படுத்திய பிறகும் அது ஏற்றிவைத்த தழைச்சத்து மண்ணில் கிடக்கும். மண்ணுக்குள் உறங்கும் அதன் விதைகளுக்கும் வேறு களைகளுக்கும் அதுவே தீனி. ஆஸ்திரேலியாவில் குளோவர் செய்ததை இங்கே சீகை செய்திருக்கிறது. எத்தனை ஹெக்டேரில் எத்தனை மரம் வெட்டினோம் என்ற கணக்கு எழுதுகிறோம். மண்ணில் நைட்ரேட் இறங்கியதா, புல் அதைக் கட்டிப்போட்டதா என்று எழுதும் பத்தி அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா?

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சீகைத் தோப்பில் ரம்பம் வைப்பதற்கு முன்னால் அங்கே மண் எடுங்கள். பக்கத்தில் கெடாமல் நிற்கும் புல்வெளித் துண்டிலும் அதே நாளில், அதே ஆழத்தில் எடுங்கள். கரிமம், தழைச்சத்து, நைட்ரேட், மணிச்சத்து நான்கையும் அளந்து, எடுத்த இடத்தைக் குறித்து வையுங்கள். வெட்டிய மறு ஆண்டும், ஐந்தாம் ஆண்டும், பத்தாம் ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்பிப் போங்கள். ஒரு தோப்பை வெட்டி அகற்றும் செலவோடு பார்த்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. வெட்டிவிட்ட பிறகு, வெட்டுவதற்கு முன்னால் இருந்த மண்ணை யாராலும் அளக்க முடியாது.